கோலமாவில் எழுந்த வட்டவளை

இப்படியொரு வரைபடத்தை நான் எங்குமே பார்த்ததில்லை! வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், வெயிலடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரட்டுக்களத்தில் சனங்களே கோலமாவால் வரைந்தது. கேள்வி ஒன்றுதான்: இந்த ஊரில் உங்களுக்கு எதெது பிடிப்பு?

கம்பனி வரைபடம் என்றால் நம்பர் மலைகள், ஸ்டோர், பங்களா, ரோடு. இவர்கள் முதலில் போட்டதோ தண்ணீர்ப் பீலி! கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் குந்தி உட்கார்ந்து, மேல்காட்டு ஊற்றிலிருந்து லயத்துக் கோடி வரை ஒரே இழுப்பில் கோடு போட்டார். "கோடையிலயும் வத்தாது தம்பி. கொழும்புக்குப் போனா தண்ணிக்கும் காசு குடுக்கணும்ல?" ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர் இது. அட்டைக்கடியும் நனைந்த படங்கும்தான் மழை என்று கேட்டே பழகியிருந்த எனக்கு, அந்த ஒரு கோட்டில் மெய்சிலிர்த்துவிட்டது.

அப்புறம் கை நிற்கவே இல்லை. மாரியம்மன் கோயில், பள்ளிக்கூடம், பிள்ளைக்காம்பரா, ஏழு பேர்ச் காணியில் எழுந்த புதுவீடுகள், அவற்றின் பின்னால் போஞ்சிக் கொடி. 1884இல் ஹட்டனை எட்டிய ரயில் பாதையை ஒரு தாத்தா வளைத்து வளைத்துப் போட்டார். அந்த ரயிலில் ஹட்டனுக்கோ நாவலப்பிட்டிக்கோ வேலைக்குப் போய் இரவு வீட்டுச் சோறு சாப்பிடலாம் என்றால், பாதி இளைஞர்கள் கொழும்புக்கு மூட்டை கட்டவே மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

இளைஞர்கள் வட்டமிட்டது ஒரு பாறையை. போனுக்கு சிக்னல் கிடைக்கும் இடமாம்! ஒரு தங்கச்சி தன் காம்பராவுக்கு நேரே ஓர் எண்ணை எழுதினாள். லயத்துக்குத் தனி முகவரி இல்லாமல், தலைமுறைகளாகக் கடிதமெல்லாம் தோட்ட ஆபீஸ் வழியாகவே வந்த மண்ணில் அவளாகவே தன் வீட்டுக்குக் கொடுத்த எண் அது. அதைப் பார்த்துக் கண் கலங்கினேன்.

சனங்களே தங்கள் ஊரை வரையும் இந்த வழிமுறை 1990களில் இந்தியக் கிராமங்களில் பரவியது; ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். பெரிய செலவே இல்லை. மலையகத்தில் வேலைவாய்ப்பு, வீடமைப்பு என்று எந்தத் திட்டம் போட்டாலும் முதலில் இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டுப் போடட்டும்.

உங்கள் தோட்டத்திலும் செய்து பாருங்கள். கோலமாவை முதலில் பெண்கள் கையில் கொடுங்கள். மழை வருமுன் மறக்காமல் படம் எடுத்துவிடுங்கள்.