எண்பது வயதுச் சாரீரம்

வயதாகிவிட்ட பாடகர்கள் புதுப் பாட்டுகளைப் பாடக் கிளம்பினால் எனக்கு உள்ளூரப் பயம் வந்துவிடும். பழைய பாட்டுகளையே பாடிக்கொண்டிருந்தால் கைதட்டலுக்குக் குறைவிராது. அதை விட்டுவிட்டு, மகன் வயதுப் பிள்ளைகள் எழுதிய பாட்டுகளை எடுத்துக்கொள்வது, தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு கல்லூரி வாசலில் போய் நிற்பது போன்ற காரியம். டாம் ஜோன்ஸ் 2021 ஏப்ரலில் வெளியிட்ட 'சரவுண்டட் பை டைம்' என்ற இசைத்தட்டைக் கேட்க உட்கார்ந்தபோது, இந்தப் பயமும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

மனிதர் 1940-ல் வேல்ஸ் நாட்டில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவருக்குப் பிள்ளையாகப் பிறந்தவர். 1965-ல் 'இட்ஸ் நாட் அன்யூஷுவல்' என்ற பாட்டு அவரைப் பிரபலமாக்கிற்று. அந்நாளில் அவருடைய சாரீரம் மாடிப்படியில் உருட்டிவிட்ட வெண்கல அண்டா மாதிரி. காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்கும். நாட்டுப்புற வாடை அவருக்குப் புதிதல்ல. 1966-ல் பாடிப் பெரும் புகழடைந்த 'கிரீன் கிரீன் கிராஸ் ஆப் ஹோம்', கர்லி புட்மன் என்ற அமெரிக்கர் எழுதிய கன்ட்ரி பாட்டுத்தான். விடிந்தால் மரண தண்டனை என்றிருக்கும் கைதி ஒருவன் சொந்த ஊரைக் கனவு காண்கிறான். கேட்டவர்கள் உருகினார்கள். ஆனால் இருபத்தாறு வயதுப் பாடகர் அந்தச் சோகத்தைக்கூட மிகவும் ஆரோக்கியமாகப் பாடினார் என்பது என் அபிப்பிராயம்.

புதிய தட்டில் பன்னிரண்டு பாட்டுகள். பாப் டிலன், மால்வினா ரெனால்ட்ஸ், டோனி ஜோ ஒயிட் போன்ற மூத்தவர்களும், டாட் ஸ்னைடர், மைக்கேல் கிவானுகா போன்ற பிற்காலத்தவர்களும் ஆக்கியவை அவற்றில் உண்டு. ஈதன் ஜோன்ஸும், பாடகரின் மகன் மார்க் உட்வர்டும் தயாரித்திருக்கிறார்கள்.

முதல் பாட்டு பெர்னிஸ் ஜான்சன் ரீகன் எழுதியது. நீ விழுந்தாலும் உன்னோடு நான் நொறுங்கிப்போக மாட்டேன் என்பது தலைப்பின் பொருள். டாம் ஜோன்ஸ் பதினாறு வயதில் மணந்துகொண்ட மனைவி லிண்டா, 2016-ல் புற்றுநோயால் காலமானார். அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அழுகையை எதிர்பார்ப்போம். அழுகை இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவனுடைய நிதானம்தான் இருக்கிறது. அது அழுகையைவிட அதிகமாக என்னைச் சங்கடப்படுத்திற்று.

எல்லாம் பிரமாதம் என்று சொல்லமாட்டேன். டெலிவிஷனைப் பரிகசிக்கும் ஸ்னைடரின் பாட்டை அவர் பாடவில்லை, பேசுகிறார். எழுதியவரிடம் கேலியாக இருந்தது இவர் வாயில் கொஞ்சம் பிரசங்கமாகிவிடுகிறது. 2012-ல் டெலிவிஷன் பாட்டுப் போட்டியொன்றில் நடுவர் நாற்காலியில் அமர்ந்தவர், தம்மையும் சேர்த்துச் சிரித்திருந்தால் நன்றாயிருக்கும்.

ஆனால் பதினோராவது பாட்டுக்காக எதையும் மன்னிக்கலாம். 'ஐம் க்ரோயிங் ஓல்ட்' என்ற அதை பாபி கோல் என்பவர் ஆக்கினார். டாம் ஜோன்ஸ் லாஸ் வேகாஸில் பாடிவந்த நாளில், முப்பது வயதைச் சற்றே தாண்டியிருந்தபோது, அது அவர் கைக்கு வந்தது. இன்னும் வயதாகட்டும் என்று வைத்துக்கொண்டார். நாற்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்து பாடியிருக்கிறார். அண்டா இப்போது உருளவில்லை. அடியில் கொஞ்சம் தண்ணீரோடு ஓரமாக நிற்கிறது. மெல்லத் தட்டினால் போதும், நாதம் வருகிறது.

அந்தத் தட்டு பிரிட்டனில் முதலிடம் பெற்றது. புதிதாகப் பதிவுசெய்த தட்டினால் அங்கே அந்த இடத்தை எட்டிய ஆண்களில், அதுவரை அவ்வளவு வயதானவர் யாருமில்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்தக் காத்திருப்புத்தான்.

ஏனென்றால் நான் காத்திருக்கவில்லை. முப்பது வயதில் ஒரு கிழவரைப் பற்றிக் கதை எழுதி, மை காய்வதற்குள் பத்திரிகைக்கு அனுப்பினேன். பாராட்டுக் கடிதங்கள்கூட வந்தன. அதே கிழவரின் வயதை எட்டிவிட்ட நான், இந்தத் தட்டைக் கேட்ட இரவு அதை எடுத்துப் படித்துப் பார்த்தேன். இருமல் இருந்தது, ஊன்றுகோல் இருந்தது, பெருமூச்சுக்கும் பஞ்சமில்லை. முதுமையைத்தான் காணோம்.

திருத்தி எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதல் காரியமாக அந்த இருமலை எடுத்துவிட வேண்டும்.