தெரிந்தும் மாறாதவர்

கால்பந்துப் பயிற்சியாளரின் முறையை எடைபோட இரண்டு கேள்விகள் போதும். அதன் உறுப்புகள் ஒன்றோடொன்று முரணின்றி இயங்குகின்றனவா? கையிலிருக்கும் ஆட்டக்காரர்களுக்கு அது பொருந்துகிறதா? டாட்டன்ஹாமில் ஆஞ்ச் போஸ்டெகோக்லூவின் இரண்டு பருவங்கள் முதல் கேள்வியில் தேறுகின்றன, இரண்டாவதில் தவறுகின்றன.

நிறையை முதலில் சொல்வதே நியாயம். 2023-24 பருவத்தின் முதல் பத்து லீக் ஆட்டங்களில் 26 புள்ளிகள். தடுப்பு வரிசை நடுக்கோட்டை நெருங்கி நின்றது; பக்கத் தடுப்பாளர்கள் நடுக்களத்துக்குள் புகுந்தனர்; பின்னால் திறந்து கிடந்த வெளியை மையத் தடுப்பாளர் வான் டி வென்னின் வேகம் காத்தது.

அந்த வேகம் களத்தில் இல்லாதபோதும் வரிசை இறங்கவில்லை என்பதே குறை. 2023 நவம்பரில் செல்சிக்கு எதிராக வான் டி வென் காயத்தால் வெளியேற, சிவப்பு அட்டைகளால் அணி ஒன்பது பேராகச் சுருங்கியது. வரிசை அப்போதும் ஏறியே நின்றது. துணிவு என்று பலர் பாராட்டிய அந்த ஆட்டம் 1-4 என முடிந்தது. அடுத்த பருவத்தில் தடுப்பாளர்கள் வான் டி வென், ரொமேரோ, கோல்கீப்பர் விகாரியோ மூவரையும் காயம் நெடுநாள் முடக்கியது. அது பயிற்சியாளரின் பிழையன்று. ஆனால் 18 வயது நடுக்கள ஆட்டக்காரர் ஆர்ச்சி கிரேயை மையத் தடுப்பில் நிறுத்திவிட்டு, டிசம்பரில் லிவர்பூலோடு திறந்த ஆட்டம் ஆடி 3-6 எனத் தோற்றது அவர் தேர்வு. பருவ முடிவில் 64 கோல் அடித்து, 65 வாங்கி, 22 தோல்விகளோடு 17ஆம் இடம். இறுதி வாரங்களின் தோல்விகளை, யூரோப்பா லீக்குக்காக முதன்மை ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு தந்ததன் விலை என்று கழித்துவிடலாம். டிசம்பரின் தோல்விகளைக் கழிக்க முடியாது.

வேறு வழி அறியாதவர் என்றால் இரங்கலாம். 2025 மே 21, பில்பாவோ அதற்கு இடம் தரவில்லை. மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் முன்னிலை பெற்றதும் அணி பந்தை விட்டுக்கொடுத்து, பின்வாங்கி, கோல் முன்பகுதியை அடைத்துக் காத்தது. 1-0, 2008க்குப் பின் கிளப்புக்குக் கிடைத்த முதல் கோப்பை. அதன் பெருமை முழுவதும் அவருக்கே. அவருக்கு எதிரான வலுவான சான்றும் அதுவே: மாறத் தெரிந்தவர், லீக் கேட்ட மாதங்களில் மாறவில்லை.

பதினாறு நாளில் கிளப் அவரை நீக்கியது. நன்றிகெட்ட அவசரம், ஆனால் சரியான முடிவு.