தனியாகச் சாப்பிடுவது தப்பா?

குசுமி மசயுகி எழுதி தனிகுச்சி ஜிரோ வரைந்த ஒரு ஜப்பானிய மாங்கா, 'கொடோகு நோ குருமே'. 'தனிமைச் சாப்பாட்டு ரசிகர்' என்று சொல்லலாம். 2012 முதல் டிவி தொடராகவும் வந்தது. கதை பெரிதாக ஒன்றும் கிடையாது. கோரோ என்ற வியாபாரி வேலைக்காக எங்கேயோ போவார், பசிக்கும், ஒரு கடையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். அவ்வளவுதான். யாருக்கும் கட்டுப்படாமல் சாப்பிடுவதே இன்றைய மனிதனுக்குக் கிடைத்த ஆறுதல் என்கிறது தொடர்.

நம் மரபு இதற்கு நேர் எதிர். அமிழ்தமே கிடைத்தாலும் தனியே உண்ணாதவர்கள் இருப்பதால்தான் உலகம் நிலைத்திருக்கிறது என்கிறது புறநானூறு 182. தனியே உண்பது பிச்சை எடுப்பதைவிடக் கொடியது என்கிறது குறள் 229.

அப்பா தவறிய பிறகு ஊருக்கு வரும்போதெல்லாம், தென்காசியிலிருந்து பிரானூர் பார்டருக்குத் தனியாகத்தான் போகிறேன். திருவிதாங்கூர் எல்லை முன்பு அங்கே இருந்தது. 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை நம்ம பக்கம் சேர்ந்தது, எல்லை புளியரைக்குப் போனது. 'பார்டர்' என்ற பெயர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. குற்றாலம் சீசனில் பரோட்டா கடையில் இடம் கிடைப்பதே பெரிய பாடு. எதிரே ஒரு லாரி டிரைவர், பக்கத்தில் அருவியில் குளித்த ஈரத்தலையோடு ஒரு குடும்பம். இலையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டால், "சால்னா ஊத்தவா?" என்பதைத் தவிர யாரும் எதுவும் கேட்பதில்லை. வீட்டில் எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். இங்கே இல்லை. எனக்கு அது போதும்.

கோரோவிடம் எனக்குள்ள குறை இதுதான்: அவருக்கு மற்றவர்கள் வேடிக்கைப் பொருள். எனக்கோ, அந்தக் கூட்டம் இல்லையென்றால் அமைதியும் இல்லை. அப்படியானால் நான் குறளுக்கு விரோதியா? அப்படித் தோன்றவில்லை. அந்தக் குறள் இருப்பது ஈகை அதிகாரத்தில். சேர்த்து வைத்ததைப் பிறருக்குக் கொடுக்காமல் தானே தின்பதைத்தான் அது கண்டிக்கிறது. ஒற்றை ஆளாக உட்காருவதை அல்ல.

இந்தத் தெளிவோடு, பார்சலும் கையுமாக வீட்டுக்குப் போனேன். "தனியாவா போயி சாப்பிட்டே? கூட யாரயாச்சும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா?" என்றாள் அம்மா.

பார்சலைப் பிரித்து எல்லாருக்கும் வைத்தாள். பிறகு மிச்சத்தை எடுத்துக்கொண்டு அடுக்களையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். அதை யாரும் தப்பு என்றும் சொன்னதில்லை, ஆறுதல் என்றும் சொன்னதில்லை. தனியாகச் சாப்பிடுவதைப் பற்றி இவ்வளவு யோசித்த எனக்கு, அம்மா ஞாபகத்துக்கே வரவில்லை.

அடுத்த தடவை பார்டருக்கு அம்மாவையும் கூட்டிப் போகணும். அவள் இலையில் யாராவது சால்னா ஊற்றட்டும்.