கடல் புறாவும் நாலு அபிப்பிராயங்களும்

சாண்டில்யனின் ‘கடல் புறா’வைப் படித்தவர்களை வரிசையாக நிற்கவைத்து அபிப்பிராயம் கேட்டுப் பாருங்கள். ஆள்தான் மாறும். பதில் நாலே நாலுதான்.

ஒன்று: “பிரமாதமான கதை சார். ஆனா வர்ணனை ஜாஸ்தி.” இரண்டு: “என்ன இருந்தாலும் பொன்னியின் செல்வன் மாதிரி வராது.” மூன்று: “பொம்பளைங்களை இப்படியா எழுதுவாங்க?” நாலு: “கதை இல்லை சார், அத்தனையும் சரித்திரம். நடந்தது.”

நாலையும் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 2022-லும் 2023-லும் பொன்னியின் செல்வன் இரண்டு பாகமாகத் திரைக்கு வந்த பிறகு இன்னும் அதிகமாகக் கேட்கிறேன். படம் பார்த்துவிட்டு, “அடுத்து என்ன சோழர் கதை படிக்கலாம்?” என்று கேட்கும் பிள்ளைகளிடம் பெரியவர்கள் நீட்டுகிற முதல் புஸ்தகம் இதுதான். மூன்று பாகம். தலைக்கு வைத்துத் தூங்கலாம், அத்தனை கனம்.

படிக்காதவர்களுக்காகக் கதையை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். கருணாகர தொண்டைமான் என்கிற இளையபல்லவன் கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகத்துக்கு வருகிறான். வந்த இடத்தில் உயிருக்கு ஆபத்து. ஓடி ஒளிகிற இடத்தில் கடாரத்து இளவரசி காஞ்சனா தேவி. அவள் அப்பா குணவர்மனுக்கு ஸ்ரீவிஜயத்து அரியணையில் பாத்தியதை உண்டு, ஆனால் பலமில்லை. சோழர் துணை வேண்டும். அதற்காக இளையபல்லவன் கடலோடியாகி, கடற்கொள்ளைக்காரன் என்ற பெயரையும் சம்பாதித்துக்கொண்டு, அக்ஷயமுனைத் துறைமுகத்தில் இறங்குகிறான். அங்கே மஞ்சளழகி. பிறகு புறா வடிவத்தில் ஒரு கப்பல். பிறகு யுத்தம்.

முதல் அபிப்பிராயத்துக்கு வருவோம்.

வர்ணனை ஜாஸ்திதான். சந்தேகமே இல்லை. ஒரு காலத்தில் வாடகை நூலகங்களில் கிடைத்த கடல் புறா பிரதிகளில் இதற்கு எழுத்துபூர்வமான சாட்சி உண்டு. ஓரத்தில் பென்சிலால் யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருப்பார்: ‘அடுத்த மூன்று பக்கம் தாண்டவும்.’ அதற்குக் கீழே இன்னொருவர்: ‘தாண்டாதே, இதுதான் கதையே!’ தமிழ் விமரிசனத்தின் இரண்டு பெரிய கட்சிகளும் அந்த ஓரத்திலேயே இருந்தன.

ஆனால் இது குமுதத்தில் வாராவாரம் வந்த தொடர் என்பதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. சாண்டில்யனே பத்திரிகைக்காரர். வாரப் பத்திரிகையின் கணக்கு அவருக்கு நன்றாகத் தெரியும். இந்த வாரம் இத்தனை பக்கம் நிரம்பவேண்டும். கடைசி வரியில் யாராவது கத்தியை உருவவேண்டும். ஓவியர் லதா படம் போடுவதற்கு ஒரு காட்சி வேண்டும். கத்தியை உருவுவதற்கு முந்தைய பக்கங்களில் கதாநாயகி உப்பரிகையில் நிற்பாள், நிலா எழும்பும், காற்று அவள் மேலாடையைப் படுத்தும். வாரம் ஒரு அத்தியாயமாகப் படித்தவனுக்கு அது ஐஸ்க்ரீம். மூன்று பாகத்தையும் ஒரே மூச்சில் படிக்கிறவனுக்கு ஒரு வாளி ஐஸ்க்ரீம். திகட்டாமல் என்ன செய்யும்?

அதற்காக எல்லா வர்ணனையும் ஒன்றல்ல. நான் வைத்திருக்கும் சோதனை சுலபமானது. அந்தப் பத்தியை எடுத்துவிட்டால் அடுத்து நடப்பது புரிகிறதா? காஞ்சனா தேவியின் இடையைப் பற்றிய பத்தியை எடுத்துவிடுங்கள், ஒன்றும் ஆகாது. கதை நிம்மதியாக நடக்கும். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பாய் எப்படிக் கட்டியிருக்கிறது, துறைமுகத்தின் வாய் எவ்வளவு குறுகல், மலை எங்கே மறைக்கிறது என்று சொல்கிற பத்தியை எடுத்துவிடுங்கள். கடற்போரே புரியாது. அந்த இடங்களில் ஒரு வார்த்தை கூட வீண் இல்லை. சும்மா சொல்லக் கூடாது, தண்ணீர் என்றால் ஆற்றையும் குளத்தையும் மட்டும் பார்த்திருந்த வாசகனுக்கு, கப்பல் என்பது எப்படித் திரும்பும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த மனுஷன் அவர்.

இரண்டாவது அபிப்பிராயம், பொன்னியின் செல்வன் ஒப்பீடு. இது இட்லிக்கும் பரோட்டாவுக்கும் போட்டி வைப்பது மாதிரி. வந்தியத்தேவன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வான், பிறகு அதிர்ஷ்டத்தாலும் சாமர்த்தியத்தாலும் தப்பிப்பான். நம்மில் ஒருவன். அவனுக்கு என்ன ஆகுமோ என்று நமக்குப் பதறும். இளையபல்லவன் விஷயத்தில் அந்தப் பதற்றமே கிடையாது. அவன் ஜெயிப்பான் என்று முதல் அத்தியாயத்திலேயே தெரியும். எப்படி ஜெயிக்கப் போகிறான் என்பதுதான் தெரியாது. “என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கூட இருப்பவர்கள் கேட்பார்கள். அவன் ஒரு புன்முறுவல் பூப்பான். அவ்வளவுதான். திட்டத்தை எதிரியிடமிருந்து மட்டுமல்ல, வாசகனிடமிருந்தும் ஒளித்துவைக்கிறவன் அவன். கல்கியில் மனிதர்களைப் பார்க்கப் போகிறோம். சாண்டில்யனில் சதுரங்கம் பார்க்கப் போகிறோம். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மட்டம்தட்டுகிறவர் இரண்டையும் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது கொஞ்சம் சங்கடமானது. என் அக்கா பெண் கல்லூரியில் படிக்கிறாள். முதல் பாகத்தைப் பாதியில் மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்: “ஏன் மாமா, அந்தப் பொண்ணு வாயைத் திறக்கிறதுக்குள்ள அவளை இத்தனை தடவை சுத்திச் சுத்திப் பார்க்கணுமா?”

“அந்தக் காலத்து எழுத்தும்மா” என்பது நம் வழக்கமான பதில். எனக்கு அதில் திருப்தி இல்லை. ஏனென்றால் சாண்டில்யனுக்குப் பெண்களுக்கு மூளை கொடுக்கத் தெரியாது என்றில்லை. கொடுத்திருக்கிறார். காஞ்சனா தேவிக்கு ராஜதந்திரம் தெரியும். மஞ்சளழகியோ, அப்பா ஸ்தானத்தில் இருக்கும் பலவர்மனின் நரிப்புத்தியை நன்றாகத் தெரிந்துவைத்திருப்பவள். இப்படி இரண்டு பேரை உருவாக்கிவிட்டு, இளையபல்லவன் பக்கத்தில் வந்ததும் இரண்டு பேரையும் துவண்டுவிழச் செய்கிறார் பாருங்கள், அதுதான் குறை. கடைசியில் இரண்டு பேருமே அவனுக்கு மனைவிகள். ஒரு ராஜ்ஜியத்தின் வாரிசுச் சண்டைக்கு மூன்று பாகம் ஒதுக்கியவர், இந்த ஏற்பாட்டைப் பற்றி அந்த இரண்டு பெண்களும் மனம் விட்டுப் பேசிக்கொள்ள நியாயமான இடம் ஒதுக்கவில்லை. அக்கா பெண் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாதியில் மூடியதில் நஷ்டமும் இருக்கிறது. மஞ்சளழகி வருவதே அதற்கப்புறம்தானே.

இந்த மூன்றும் ரசனைத் தகராறு. நாலாவது அப்படியில்லை. “அத்தனையும் சரித்திரம்.” இதை நான் லேசாக விடத் தயாராக இல்லை.

எது சரித்திரம்? ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கப்பற்படை அனுப்பி ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கியது சரித்திரம். கல்வெட்டில் ஊர்ப் பட்டியலே இருக்கிறது. பிறகு வீரராஜேந்திரன் காலத்தில், 1068-ஐ ஒட்டி, காலில் வந்து விழுந்த ஒரு அரசனுக்காகக் கடாரத்தை வென்று அவனிடமே திருப்பிக் கொடுத்ததாக மெய்க்கீர்த்தி சொல்கிறது. கடல் புறாவின் முடிச்சு கிட்டத்தட்ட அந்த ஒரு செய்திக்குள் அடங்கிவிடும். 1070-ல் அரியணை ஏறிய முதல் குலோத்துங்கன், கதையில் வருகிற அநபாயன், சரித்திரம். கருணாகர தொண்டைமானும் சரித்திரம்தான். ஆனால் அவன் புகழ் கலிங்கத்துப் பரணியில் இருக்கிறது. ஜெயங்கொண்டார் அவனைக் கலிங்கத்தின் மீது படை நடத்திய தளபதியாகப் பாடினார். அந்தப் போர் 1110 வாக்கில், கதை நடக்கும் காலத்துக்கு ஏறத்தாழ நாற்பது வருஷம் கழித்து. அவனுக்குக் கப்பலும், கொள்ளைக்காரப் பட்டமும், அகூதா என்ற சீனக் குருவும், இரண்டு காதலும் கொடுத்தது சாண்டில்யன். அது நாவலாசிரியரின் உரிமை. தாராளமாகக் கொடுக்கட்டும். அதை நடந்ததென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற உரிமை நமக்குக் கிடையாது.

சரி, நடந்தது என்ன? நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் முதலில் ‘காசு யார் கொடுத்தது?’ என்றுதான் தோன்றும்.

சீனாவில் வணிகக் கப்பல்களைக் கண்காணிக்கும் அதிகாரியாக இருந்த சாவ் ரூகுவா, 1225 வாக்கில் எழுதிய நூலில் ஸ்ரீவிஜயத்தைப் பற்றி ஒரு தகவல் தருகிறார். அந்தப் பக்கம் போகிற வணிகக் கப்பல் துறைமுகத்துக்குள் வராமல் நழுவினால், இவர்கள் படகுகள் கிளம்பிப் போய்த் தாக்குமாம். அதாவது உள்ளே வந்து வரி கட்டினால் விருந்தாளி. கட்டாமல் போனால் இரை. இதைச் சுங்க இலாகா என்பதா, கடற்கொள்ளை என்பதா? கரையிலிருந்து பார்த்தால் ஒன்று, கப்பலிலிருந்து பார்த்தால் இன்னொன்று.

கடல் புறாவிலும் இதேதான். ஸ்ரீவிஜயத்துக்காரன் கப்பலைப் பிடித்தால் அட்டூழியம். இளையபல்லவன் பிடித்தால் வீரம். பிடிபட்ட கப்பலில் யாரோ ஒரு வியாபாரியின் முதல் இருக்கிறது, யாரோ துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கிறான் என்பதெல்லாம் நமக்கு நினைவுக்கு வராது. வரவிடாமல் பார்த்துக்கொள்கிறது கதையின் வேகம். அது கதைசொல்லியின் திறமை. ஆனால் புஸ்தகத்தை மூடிய பிறகும் வரவில்லையென்றால் அது நம் கோளாறு. “அப்ப நாம ஆண்டோம் சார்” என்று மார் தட்டுகிறோமே, அந்தக் கடாரம் இன்றைக்கு மலேசியாவில் இருக்கிற கெடா. அந்த மண்ணுக்காரன் அதே 1025-ஐத் தன் ஊர் சூறையாடப்பட்ட வருஷமாகத்தான் படிப்பான்.

சோழருக்கும் கடாரத்துக்கும் நடந்தது முழுக்க அடிதடியும் இல்லை. நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் கட்டிய புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே ராஜராஜன் கொடுத்தான். 1090 வாக்கில் கடாரத்திலிருந்து தூதர்கள் வந்து கேட்க, விகாரத்தின் ஊர்களுக்குக் குலோத்துங்கன் வரிவிலக்கு கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றவை சொல்வது இதைத்தான். நடுவில் 1025-ல் ஒரு படையெடுப்பு. இரண்டு பக்கமும் அதற்கப்புறமும் உட்கார்ந்து பேசியிருக்கின்றன.

இன்னொன்று. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் பக்கத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. ஆண்டு 1088. குலோத்துங்கன் ஆட்சிதான். வெட்டியவர்கள் படைத்தளபதிகள் இல்லை. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு. விஷயம் வீரப்பிரதாபம் இல்லை. கப்பலில் வருகிறவர்கள் கஸ்தூரி விலையை வைத்துப் பொன்னாக என்ன கட்டவேண்டும் என்கிற கட்டண சமாசாரம். கற்பூரம் வாங்க அத்தனை தூரம் போன தமிழன் அங்கே கல்லில் எழுதிவைத்தது ஒரு ரேட் கார்டு!

கடல் புறாவில் கூலவாணிகன் சேந்தன் என்று ஒருவன் வருவான். தானிய வியாபாரி. பயந்தாங்கொள்ளி. நாம் அவனைப் பார்த்துச் சிரிப்போம், இளையபல்லவனைப் பார்த்து விசிலடிப்போம். கல்வெட்டுகளைப் படித்தால், அந்தக் கடலைத் தாண்டிப் போய் வந்ததில் சேந்தன்களின் பங்கு பெரிது என்று தெரிகிறது. அவர்களுக்கு ஒரு நாவல் எழுத ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆக, என் தீர்ப்பு என்ன? கடல் புறாவைப் படியுங்கள். தமிழில் கடலை மேடையாக்கி இத்தனை விறுவிறுப்பாக எழுதப்பட்ட கதைகள் ரொம்பக் குறைவு. வர்ணனை திகட்டினால் தாண்டுங்கள், பாவமில்லை. பெண்களை எழுதிய விதம் உறுத்தினால் உறுத்தட்டும், அந்த உறுத்தலோடு படியுங்கள். பக்கத்தில் நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். கதை எங்கே முடிகிறது, கல்வெட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடுவது தனி சுவாரசியம்.

அப்படித் தேடும்போது ஒரு வேடிக்கை கண்ணில் படும். இளையபல்லவனின் உயிர் நண்பன் அநபாயன், அரசனான பிறகு என்ன பெயர் வாங்கினான் தெரியுமா? எத்தனையோ பட்டங்கள் உண்டு. ஆனால் பள்ளிக்கூடப் பாடம் வரைக்கும் வந்து நிலைத்த பெயர், ‘சுங்கம் தவிர்த்த சோழன்.’

எத்தனை கப்பலை மூழ்கடித்தான் என்பதை அல்ல, எந்த வரியை எடுத்தான் என்பதைத்தான் ஜனங்கள் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.