தனிவாத்தியம் எங்கே நிற்கிறது? நவீன கான்செர்ட்டோ ஒலிப்பதிவுகளை எடைபோடும் வழிகள்

மேற்கத்திய செவ்வியல் இசைத்தட்டின் அட்டையைப் பார்த்தாலே அதை எப்படிக் கேட்கச் சொல்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். வயலின்காரரின் படம் அட்டையை நிறைத்திருக்கும். நடத்துனரின் பெயர் அதற்குக் கீழே இருக்கும், ஆர்க்கெஸ்ட்ராவின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். விமர்சனங்களும் பெரும்பாலும் இதே வரிசையில்தான் நடக்கின்றன. தொனி எப்படி, விரல் எவ்வளவு சுத்தம், வேகம் பொருத்தமா என்று வாசித்தவரைப் பற்றி மூன்று பத்தி எழுதிவிட்டு, ஆர்க்கெஸ்ட்ரா நன்றாக ஒத்துழைத்தது என்று கடைசி வரியில் முடித்துவிடுகிறார்கள். பகனினியின் கான்செர்ட்டோவுக்கு இந்த மதிப்பீடு போதும், அங்கே ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வேலை குறைவு. ஆல்பன் பெர்க், ஷோஸ்டகோவிச், லூட்டோஸ்லாவ்ஸ்கி, லிகெட்டி போன்றவர்களின் கான்செர்ட்டோக்களுக்கு இது போதவே போதாது. இவர்களின் படைப்புகளில் தனிவாத்தியத்துக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் நடுவே நடப்பதுதான் இசையின் சாரம். ஆகவே ஒலிப்பதிவை எடைபோடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த இரு தரப்புக்கும் நடுவே இசையமைப்பாளர் வைத்த தூரமும் விகிதமும் தட்டில் காதுக்குக் கிடைக்கின்றனவா? வாசித்தவரின் பெருமை அதற்கு அடுத்த கேள்வி.

தட்டுகளை மதிப்பிடுவதற்கென்று நூறாண்டு மரபு உண்டு, அதற்குள் பல பள்ளிகளும் உண்டு. 1923இல் காம்ப்டன் மெக்கன்ஸி பிரிட்டனில் தொடங்கிய ‘கிராமஃபோன்’ பத்திரிகையிலிருந்து வளர்ந்தது ஒப்பீட்டுப் பள்ளி. ஒரே படைப்பின் பல பதிவுகளை அருகருகே வைத்துக் கேட்டு ஒன்றுக்கு முதலிடம் தருவது அதன் முறை. பிபிசி வானொலியின் ‘பில்டிங் எ லைப்ரரி’ பகுதியும், நட்சத்திரங்களுக்கு மேலே ரோஜாச் சின்னம் வைத்த பென்குயின் கையேடும் இதே வழியில் வந்தவை. ஒரே பத்தியை ஆறு பேர் வாசித்துக் கேட்கும்போது, எது ஸ்கோரில் இருப்பது, எது வாசித்தவரின் விருப்பம் என்பது தெளியும். இந்தப் பள்ளி கற்றுத்தந்த பெரிய பாடம் இதுதான். ஆனால் எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதை அது வெளிப்படையாகச் சொல்வது அரிது, அளவுகோல் ஆளுக்கு ஆள் நகர்ந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் 1973இல் ஹாரி பியர்சன் தொடங்கிய ‘தி அப்சொல்யூட் சவுண்ட்’ பத்திரிகை வேறு வழியில் போனது. ஒலிபெருக்கி இல்லாமல், உண்மையான அரங்கில் வாத்தியங்கள் எழுப்பும் ஒலியே அதன் உரைகல். இங்கே வைக்கும் வாதம் அந்தப் பள்ளிக்குக் கடன்பட்டது. எனினும் ஒலியின் அழகில் மயங்கி, உப்புச் சப்பில்லாத வாசிப்புக்கும் பூமாலை போடும் பழக்கம் அங்கே உண்டு.

மூன்றாவது பள்ளி இசையமைப்பாளரையே நீதிபதியாக வைப்பது. 1932 ஜூலையில், எல்கர் நடத்த, 16 வயது மெனுஹின் அவருடைய வயலின் கான்செர்ட்டோவைப் பதிவு செய்தார். அதற்கு முந்தைய மாதம்தான் ப்ரோகோஃபியெவ் தன் மூன்றாம் பியானோ கான்செர்ட்டோவை லண்டனில் தானே வாசித்துப் பதித்திருந்தார். ராக்மனினோஃப் 1929க்கும் 1941க்கும் இடையே தன் நான்கு கான்செர்ட்டோக்களையும் ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவுடன் வாசித்து வைத்துவிட்டுப் போனார். இவற்றின் மதிப்பைக் குறைத்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் இவற்றைச் சட்டமாக்கினால் சிக்கல் வரும். ராக்மனினோஃப் தன் மூன்றாம் கான்செர்ட்டோவைப் பதிந்தபோது சில பகுதிகளை வெட்டிவிட்டார். அவருடைய தட்டுதான் சட்டம் என்றால் அந்த வெட்டுகளும் சட்டமாகும். 1958இல் வான் கிளைபர்ன் கார்னகி ஹாலில் கோண்ட்ராஷின் நடத்த முழுமையாக வாசித்த பதிவைக் கேட்டவர்கள் அதற்கு இணங்க மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. வால்டன் தன் வயலின் கான்செர்ட்டோவை 1950இல் ஹைஃபெட்ஸுடன் தானே நடத்திப் பதித்தார். அதற்காக அந்தத் தட்டில் விகிதமும் சரியாக இருந்தே தீரும் என்று சொல்ல முடியாது. இசையமைப்பாளர் கையில் இருந்தது நடத்துகோல். மைக் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பிறர் முடிவு செய்தார்கள். ஹைஃபெட்ஸின் தட்டுகளில் வயலின் காதருகே நிற்பது ஊரறிந்த விஷயம்.

நான்காவது, ஸ்கோரை மட்டும் நம்பும் பள்ளி. விகிதம் பற்றிய என் வாதத்துக்கு இதுவே அஸ்திவாரம். பெர்க்கின் வயலின் கான்செர்ட்டோவை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். அமெரிக்க வயலின் கலைஞர் லூயிஸ் கிராஸ்னர் கேட்டு 1935இல் எழுதப்பட்டது அது. ஆல்மா மாலரின் மகள் மானோன் கிரோப்பியஸ் அந்த ஏப்ரலில் 18 வயதில் இளம்பிள்ளை வாதத்தால் இறந்தாள், பெர்க் இந்தப் படைப்பை அவள் நினைவுக்கு அர்ப்பணித்தார். அதன் அரங்கேற்றத்தைக் கேட்க அவர் இருக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி இறந்துவிட்டார். மேற்கத்திய வயலினின் நான்கு கம்பிகளும் ஒன்றுக்கொன்று ஸ–ப இடைவெளியில் சுருதி சேர்க்கப்பட்டவை. கான்செர்ட்டோ தொடங்கும்போது ஹார்ப்பும் கிளாரினெட்டுகளும் அந்த இடைவெளியை மெல்ல அசைத்துக் கொடுக்கின்றன. வயலின் தன் வெறுங்கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பதில் சொல்கிறது. நாயகன் மேடையேறும் தோரணை அதில் துளியும் இல்லை, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றில் இன்னொரு குரல் சேர்கிறது, அவ்வளவுதான். மைக்கை வயலினின் நெஞ்சுக்கு நேரே வைத்த பதிவுகளில் இந்த முதல் பத்துச் சுரக்கட்டுகளே பொய்யாகிவிடுகின்றன.

இறுதிப் பகுதியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பாஹின் 60ஆம் கான்டாட்டாவில் வரும் தேவாலயப் பாடல் ஒன்றை வயலின் எடுக்கிறது, கிளாரினெட்டுகள் பாஹின் சுர அடுக்கிலேயே, சிறிய ஆர்கன் போல, பதில் தருகின்றன. அதன்பின் பெர்க் ஒரு விசித்திரமான காரியம் செய்கிறார். தனி வயலின், ஆர்க்கெஸ்ட்ராவின் வயலின்களுக்கும் வயோலாக்களுக்கும் தலைமை ஏற்க வேண்டும், அது காதுக்கும் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்று ஸ்கோரில் எழுதுகிறார். ஒருவர் பின் ஒருவராக அவர்கள் அதே இசைவரியில் வந்து சேர்கிறார்கள், பிறகு அதேபோல் விலகுகிறார்கள். ஒரு தனிக்குரல் கூட்டத்துக்குள் கரைந்து மீண்டும் தனியாகிறது. இந்தப் படைப்பு துக்கம் சொல்லும் முறையே இதுதான். தனி வயலின் எப்போதும் மற்ற வயலின்களைவிட இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும் தட்டில் யாரும் வந்து சேர்வதும் தெரியாது, விலகுவதும் தெரியாது. முதன்மைக் குரல் எது, துணைக்குரல் எது என்று பெர்க் ஸ்கோரில் குறியிட்டிருக்கிறார், முதன்மைக் குறி பல இடங்களில் ஆர்க்கெஸ்ட்ரா வாத்தியங்களின் மேல் விழுகிறது. அதை மீறும் பதிவு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் ஸ்கோரை மீறிய பதிவுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். விகிதமே முதன்மை என்றால் பழைய மோனோ பதிவுகளையெல்லாம் குப்பையில் போட வேண்டுமா? வேண்டாம். அதற்குச் சாட்சி கிராஸ்னரும் வெபர்னும் 1936 மே 1ஆம் தேதி லண்டனில் பிபிசி சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவுடன் பெர்க் கான்செர்ட்டோவை வாசித்தது. பார்சிலோனா அரங்கேற்றத்தை நடத்த முடியாமல் விலகிய வெபர்ன், நண்பர் பெர்க் இறந்து சில மாதங்களே ஆன நிலையில், அடுத்த நிகழ்ச்சியை நடத்தினார். கிராஸ்னர் பத்திரப்படுத்தி வைத்த தட்டுகளிலிருந்து அது பல பத்தாண்டுகளுக்குப் பிறகே வெளிவந்தது. இரைச்சல் காதைக் கிழிக்கும், கீழ்ச்சுரங்கள் பாதி கேட்காது. ஆனாலும் வயலின் ஒவ்வொரு வரியையும் ஆர்க்கெஸ்ட்ராவின் மூச்சுக்குக் காத்திருந்து எடுக்கிறது, ஆர்க்கெஸ்ட்ரா வயலினுக்காக நிற்கிறது. ஒலியின் தரமும் விகிதமும் ஒன்றல்ல. பளபளப்பான டிஜிட்டல் பதிவில் விகிதம் கெட்டிருக்கலாம், 1936இன் கீறல் தட்டில் அது உயிரோடு இருக்கலாம்.

ஷோஸ்டகோவிச் தன் முதல் வயலின் கான்செர்ட்டோவில் விகிதத்தை வாத்தியத் தேர்விலேயே எழுதிவிட்டார். 1948இல் முடித்து, அரசியல் சூழலால் உள்ளே வைத்திருந்து, 1955 அக்டோபரில் ஓய்ஸ்ட்ராக் லெனின்கிராடில் அரங்கேற்றிய படைப்பு அது. இதில் டிரம்பெட்டும் டிராம்போனும் இல்லை, ஹார்ன்களும் ஒரு டியூபாவும் மட்டுமே. வயலினை மூழ்கடிக்கக்கூடியதை அவரே எடுத்துவிட்டதால், பதிவுக்கூடத்தில் வயலினை மேலும் உயர்த்த வேண்டிய தேவை இல்லை. மூன்றாம் பகுதியான பாஸகாலியாவில் 17 சுரக்கட்டு நீளமுள்ள ஒரு கருப்பொருள் அடிநாதத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. வயலின் முதலில் அதன் மேலே புலம்புகிறது. பிறகு ஒரு கட்டத்தில் அந்தக் கனத்த கருப்பொருளையே தன் தோளில் எடுத்துக்கொள்கிறது. அதுவரை அடிநாதம் கனமாகக் காதில் விழுந்திருந்தால்தான் அந்தப் பாரம் கைமாறுவது புரியும். ஓய்ஸ்ட்ராக் 1956இல் நியூயார்க்கில் மித்ரோபூலோஸுடனும், ரஷ்யாவில் ம்ராவின்ஸ்கியுடனும் பதிந்த இரண்டில் முதலாவதில் வேகமும் கொதிப்பும் அதிகம். என் காதுக்கு இரண்டாவதே மேல். அங்கே கீழ்த்தந்திகள் கல்லைப்போல் நிற்கின்றன.

அரங்கில் உட்கார்ந்தாலும் இவ்வளவும் கேட்காதே, தட்டில் மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. நியாயமான கேள்வி. அரங்கில் கண் காதுக்கு உதவுகிறது: வில் அசைவதைப் பார்த்துவிட்டால் மெல்லிய சுரமும் கேட்டதுபோல் இருக்கும். தட்டுக்குக் கண் கிடையாது, ஆகவே மைக் ஓரளவு உதவத்தான் வேண்டும். லிகெட்டியின் வயலின் கான்செர்ட்டோவில் ஆர்க்கெஸ்ட்ராவின் ஒரு வயலினும் ஒரு வயோலாவும் டபுள்பாஸின் இயல்பான மேற்சுரங்களுக்கேற்பச் சுருதி மாற்றப்பட்டிருக்கும். இரண்டாம் பகுதியில் ஒக்கரீனாக்கள் ஊதுகின்றன. வயலின் கலைஞர் கவ்ரிலோஃபும் நடத்துனர் பூலேஸும் செய்த பதிவில் இந்தக் கோணலான சுருதிகள் தெளிவாகக் கேட்கின்றன, மைக்கின் துணை இல்லாமல் அது நடக்காது. மறைந்ததை வெளியே கொண்டுவருவது உதவி. எதிர்த்து நிற்பதை அடக்குவது குற்றம். லூட்டோஸ்லாவ்ஸ்கியின் செல்லோ கான்செர்ட்டோ, ஒரே சுரத்தை அலட்சியமாகத் திரும்பத் திரும்பத் தொடும் தனிச் செல்லோவுடன் தொடங்குகிறது. சில நிமிடங்கள் கழித்து டிரம்பெட்டுகள் குறுக்கே பாய்ந்து அதை வெட்டுகின்றன. செல்லோவின் மேலுள்ள மரியாதையில் பொறியாளர் அந்த டிரம்பெட்டுகளைத் தணித்தால் படைப்பே இல்லை. ரோஸ்ட்ரோபோவிச் வாசிக்க, இசையமைப்பாளரே ஆர்க்கெஸ்ட்ர் த பாரியை நடத்திய பதிவில் அவை முரட்டுத்தனமாகவே விழுகின்றன. அவ்வாறுதான் விழ வேண்டும்.

கடைசி மறுப்பு ரசிகர்களுடையது, அதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். 1965இல் ஜாக்குலின் து ப்ரே வாசித்த எல்கர் செல்லோ கான்செர்ட்டோவைக் கேட்டுக் கண் கலங்குகிறவர்கள் விகிதத்தையா அளந்துகொண்டிருக்கிறார்கள்? இருபது வயதுப் பெண்ணின் நெஞ்சல்லவா அங்கே பேசுகிறது? பேசுகிறது, சந்தேகமில்லை. ஆனால் தொடக்கத்துப் புலம்பலுக்குப் பிறகு முதல் பகுதியின் தலையாய மெட்டை எடுப்பது செல்லோ அல்ல. வயோலாக்கள் துணையின்றித் தனியே அதைப் பாடுகின்றன, செல்லோ அவற்றிடமிருந்தே பெறுகிறது. அதை நடத்திய பார்பிரோலி தாமும் ஒரு செல்லிஸ்ட். அந்தப் பதிவில் வயோலாக்களை அவர் அவசரப்படுத்தவில்லை, நிறம் மாற்றவும் விடவில்லை. அந்த வெறுமையிலிருந்து எழுவதால்தான் து ப்ரேயின் முதல் ஏற்றம் நெஞ்சைப் பிடிக்கிறது. அவருடைய மேதைமை வேறு, அதற்கு இடம்கொடுத்த விகிதம் வேறு. தட்டு இரண்டையும் ஏந்தியிருப்பதால்தான் ஆறு பத்தாண்டுகளாக அது தாங்கி நிற்கிறது.

விமர்சகர்களிடம் ஒரு வேண்டுகோள். நவீன கான்செர்ட்டோவின் பதிவைப் பற்றி எழுதும்போது தனிவாத்தியக்காரரின் பெயரை இரண்டாம் பத்தி வரை எடுக்காதீர்கள். முதல் பத்தியில் ஆர்க்கெஸ்ட்ராவைக் கேளுங்கள். பெர்க் கான்செர்ட்டோவுக்கு ஒரே தட்டு வாங்க நினைக்கும் வாசகருக்கு என் தீர்ப்பு: கிராஸ்னர்–வெபர்ன் பதிவு ஆவணமாக இருக்கட்டும், யோசெஃப் சுக்கும் ஆன்செர்லும் செக் ஃபில்ஹார்மோனிக்குடன் செய்தது அதற்கு அடுத்த துணை, அன்றாடம் கேட்க, இசபெல் ஃபவுஸ்ட் அப்பாடோவின் ஆர்க்கெஸ்ட்ரா மொஸார்ட்டுடன் வாசித்து 2012இல் வெளியான தட்டையே வாங்கலாம். அதில் வயலின் மற்ற வயலின்களுக்குள் போவதும் திரும்பி வருவதும் ஸ்கோரைத் திறக்காமலே கேட்கும்.