பொதியோடு வருபவர் யார்?

பொங்கலுக்கு முந்தைய வாரம் தமிழ்நாட்டு ரேஷன் கடை வாசல்களில் கரும்புக் கட்டுகள் வந்து இறங்கும். 2024-இல் ஒரு கார்டுக்கு ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு, கூடவே ஆயிரம் ரூபாய். இரண்டு கோடிக்கு மேற்பட்ட கார்டுகள். டோக்கனில் நாளும் நேரமும் போட்டிருக்கும். யாரிடமும் கையேந்த வேண்டாம். அரிசிக் கார்டு இருந்தால் கிடைத்துவிடும். ஆனால் துணையின்றி வாழும் எண்பது வயதுப் பாட்டி அந்தக் கரும்பை எப்படி வீடு சேர்ப்பார், சேர்த்தபின் எந்தப் பல்லால் கடிப்பார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இலங்கையின் வடக்கே யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் காட்சி வேறு. அங்கே பண்டிகைக்கு வருவது ‘உலர் உணவுப் பொதி’: அரிசி, மா, சீனி, பருப்பு, தேயிலை, சில வேளை பால்மாவும் மீன் ரின்னும். அதைக் கொண்டுவருவது பெரும்பாலும் அரசு அல்ல. ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் ஒருவர் தம் பிள்ளையின் பிறந்தநாளுக்கு, அல்லது தகப்பனின் ஆண்டுத் திவசத்துக்குப் பணம் அனுப்புவார். ஊரிலுள்ள சங்கமோ கோயிலோ பொருள் வாங்கிப் பொதி கட்டும். யாருக்கு என்பதைக் கிராம அலுவலரோ ஊர்ப் பெரியவர்களோ சொல்வார்கள். அன்னதானத்துக்குப் பெயர்போன தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் இயங்கும் சந்நிதியான் ஆச்சிரமம், இப்படிப்பட்ட உதவிகளை ஆண்டு முழுவதும் செய்துவருகிறது.

பிள்ளைகளைப் போரில் இழந்தவர்கள், பிள்ளைகள் கடல் கடந்து போனவர்கள் என்று தனித்துப்போன முதியோர் வடக்கில் ஏராளம். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் இலங்கை வேகமாக மூப்படைகிறது. 2012 கணக்கெடுப்பில் 65 வயது கடந்தோர் நூற்றுக்கு எட்டுப் பேர். 2024-இல் பன்னிரண்டுக்கும் மேல். அரசும் சும்மா இருக்கவில்லை. 2025 சித்திரைப் புத்தாண்டுக்கு 5,000 ரூபாய் பெறுமதியான பொதியைக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பாதி விலையில், அரசின் சதொச கடைகள், கூட்டுறவுக் கடைகள் வழியாகக் கொடுத்தது. ஆனால் அதற்கும் கடைக்குப் போகவேண்டும், கையில் 2,500 ரூபாய் இருக்கவேண்டும். படலையைத் திறந்து “அம்மம்மா, இருக்கிறியளோ?” என்று கூப்பிடும் வேலை தொண்டர்களுக்கே விடப்பட்டிருக்கிறது.

அந்த வேலையை அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். அதைக் கெடுப்பது கமரா. பனரைப் பிடித்தபடி நால்வர், நடுவே பொதியை ஏந்திய கிழவி, மறுநாள் இணையத்தில் ‘வழங்கிவைப்பு’ச் செய்தி. பணம் அனுப்பியவருக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்பார்கள். கணக்குக் காட்டப் பற்றுச்சீட்டு போதும், முகம் எதற்கு? தமிழ்நாட்டில் கட்சிக்காரர்கள் கொடுக்கும் பைகளிலும் படம் உண்டு. அங்கே சிரிப்பது கொடுப்பவர் என்பதுதான் வித்தியாசம்.

கேரளம் இன்னொரு வழியைக் காட்டியது. 2020-இல் எல்லா ரேஷன் கார்டுகளுக்கும் இலவச ஓணக் கிட் கொடுத்த மாநிலம், 2023-இல் அதை மிக ஏழைகளுக்கான மஞ்சள் கார்டுகளுக்கும் காப்பகங்களுக்கும் சுருக்கிக்கொண்டது. சுருங்காமல் நிற்பது 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கி மலப்புறத்தில் கிளைவிட்ட வலிதணிப்புத் தொண்டர் அமைப்பு. நோயாளியைப் பார்க்க வீட்டுக்குப் போன தொண்டர்கள் அங்கே அடுப்பு எரியாததைக் கண்டு அரிசியும் கொண்டுபோகத் தொடங்கினார்கள். பண்டிகை முடிந்தாலும் அவர்கள் வருவார்கள்.

இந்தியா, இலங்கை இரண்டுக்கும் பொதுவான மரபுகளும் உண்டு. கத்தோலிக்கத் தொண்டர்களான வின்சென்ட் தே பவுல் சபையார் நத்தார் காலத்தில் மட்டுமல்லாமல் எப்போதும் இருவர் இருவராக வீடு தேடிப் போவதையே தங்கள் அடிப்படைப் பணியாகக் கொண்டவர்கள். நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழையின் கையில் சேர்ந்துவிட வேண்டும் என்ற விதி, முஸ்லிம்கள் தானமாகக் கொடுக்கும் ஃபித்ரா அரிசிக்கு இருக்கிறது. அதனால் முந்தைய இரவு பள்ளிவாசல் மஹல்லா இளைஞர்களுக்குத் தூக்கமில்லை. மனிதர் நேரில் போவதும் நாள் தவறாமல் போவதும் இங்கே வழக்கத்திலேயே ஊறியிருக்கின்றன.

தமிழ்நாடு இப்போதுதான் வாசலுக்கு வந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாதாந்திர ரேஷன் பொருள் எடைக் கருவியோடு வண்டியில் வீடு தேடிப் போகிறது. இருபது லட்சம் பேருக்கு மேல். எந்தப் பிறந்தநாளையும் நம்பியிராத, மாதம் தவறாத ஏற்பாடு இது. இலங்கை வடக்கின் பொதிகளுக்கு இல்லாத பலம். ஆனால் எடை போட்டுக் கைரேகை வாங்கி அடுத்த தெருவுக்கு ஓடும் ஊழியருக்கு உட்கார்ந்து பேச நேரமில்லை.

வரும் தைப்பொங்கலுக்குப் பொதிக்காகப் பணம் அனுப்ப நினைப்பவர்கள் படம் கேட்காதீர்கள். பெறுபவருக்கு நீரிழிவு உண்டா, அடுத்த மாதம் அவரைப் பார்க்கப் போவது யார், இந்த இரண்டை மட்டும் கேளுங்கள்.