ஒரே திராட்சை, இரண்டு குன்றுகள்

இத்தாலியின் டஸ்கனிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடு போகிறார்கள். ஒரே நாளில் ஐந்து ஊர்கள், நான்கு ஒயின் பண்ணைகள், இருட்டுவதற்குள் அறை. மூன்றாவது பண்ணையிலேயே நாக்கு மரத்துவிடும். நான்காவது ஊரின் பெயரைப் புகைப்படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொரு வழி இருக்கிறது. ஒரு மலையூரில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, இரண்டு நாளில் இரண்டு குன்றுகளை மட்டும் பார்ப்பது. குன்றுகள் மோன்டெபுல்ச்சானோவும் மோன்டால்ச்சீனோவும். இடையில் சுமார் 40 கிலோமீட்டர். இரண்டிலும் விளையும் முக்கியத் திராட்சை ஒன்றே: சான்ஜொவேசே. கிடைக்கும் ஒயினோ வேறு வேறு. அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பயணத்தின் விளையாட்டு.

முதலில் கோபுரம் ஏறுங்கள்

தங்குவதற்கு மோன்டெபுல்ச்சானோ வசதி. சுமார் 600 மீட்டர் உயரத்தில், ஒரு முகட்டின் மேல் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும் ஊர். ஒரே பெரிய தெரு கீழ்வாசலில் தொடங்கி வளைந்து வளைந்து உச்சியிலுள்ள பியாட்ஸா கிராண்டே சதுக்கம்வரை ஏறுகிறது. அந்த ஏற்றத்தை மூச்சிரைக்காமல் கடப்பது கஷ்டம். இதே ஏற்றத்தில்தான் ஆகஸ்ட் மாதத்துக் கடைசி ஞாயிறன்று ஊரின் எட்டுப் பேட்டைகளும் போட்டி போடுகின்றன. பேட்டைக்கு இரண்டு பேர் சேர்ந்து, 80 கிலோ எடையுள்ள ஒயின் பீப்பாயை ஒரு கிலோமீட்டருக்கு மேல் உருட்டிக்கொண்டு சதுக்கத்துக்கு ஓடுகிறார்கள்.

சதுக்கத்தில் நகராட்சி மாளிகையின் கோபுரம் இருக்கிறது. முதல் வேலையாக அதில் ஏறுங்கள். கிழக்கே திராசிமேனோ ஏரி. மேற்கே வால் தோர்ச்சா பள்ளத்தாக்கு. அலை அலையான மேடுகளில் சைப்ரஸ் மரங்கள். தென்மேற்கே 1,738 மீட்டர் உயர அமியாட்டா மலை. இந்த மலையை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வேலை இருக்கிறது. ஊரின் காலடியில் வரிசை பிடித்து நிற்கும் கொடிகளில் சில, இன்று நீங்கள் சுவைக்கப்போகும் ஒயினுக்குத் திராட்சை கொடுத்தவையாக இருக்கலாம்.

பாதாளத்தில் பாடம்

ஒயின் பார்க்க முதல் நாள் ஊரைவிட்டு வெளியே போக வேண்டாம். பழைய மாளிகைகளுக்கு அடியில் மலையைக் குடைந்த நிலவறைகள் இருக்கின்றன. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே சில்லென்றிருக்கும். ஒரு சால்வை கையில் இருக்கட்டும். ஆளுயரத்தைத் தாண்டிய ஓக் பீப்பாய்கள் வரிசையாக நிற்கும். அளவைக் கவனியுங்கள். பெரிய, பழைய பீப்பாய் ஒயினை மெல்ல முதிரவைக்கும், தன் மணத்தை அதன்மேல் ஏற்றாது. சிறிய, புதிய பீப்பாயில் வைத்தால் வெனிலா போன்ற மரவாசம் தூக்கலாக வரும். சுவைக்கும்போது இது உங்களுக்குக் கிடைக்கும் முதல் துப்பு.

இங்கே தரப்படுவது வீனோ நோபிலே. மேன்மையான ஒயின் என்று பொருள். இதில் குறைந்தது 70 சதவீதம் சான்ஜொவேசே இருக்க வேண்டும். உள்ளூரில் அதை ‘புருஞ்ஞோலோ ஜென்டிலே’ என்பார்கள். இரண்டு ஆண்டாவது முதிர்ந்த பிறகே விற்பனைக்கு வரும். கடையில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: ‘மோன்டெபுல்ச்சானோ த’ஆப்ருட்ஸோ’ என்று புட்டியில் இருந்தால் அது இந்த ஊர் ஒயின் கிடையாது. ஆப்ருட்ஸோ மாநிலத்தில், மோன்டெபுல்ச்சானோ என்றே பெயர் கொண்ட வேறொரு திராட்சையிலிருந்து செய்வது.

கோப்பை கைக்கு வந்ததும் அவசரம் வேண்டாம்.

முதலில் கண். வெள்ளைத் தாளுக்கு மேலே கோப்பையைச் சாய்த்துப் பாருங்கள். சான்ஜொவேசே மைபோலக் கறுத்திருக்காது. ஒளி ஊடுருவும் சிவப்பு. வயது கூடக்கூட விளிம்பில் செங்கல் நிறம் படரும்.

அடுத்தது மூக்கு. கோப்பையைச் சுழற்றி முகருங்கள். புளிப்புச் செர்ரி, காய்ந்த இலை, சில சமயம் தோல் பொருள் வாசம் வரும். விவரிப்புக் காகிதத்தில் எழுதியிருப்பதையே கண்டுபிடித்தாக வேண்டும் என்பதில்லை. ஞாபகத்துக்கு வருவது உங்கள் வீட்டு நாவல்பழமானால் அதையே குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வாய். சிவப்பு ஒயினின் டானின் என்ற சங்கதியைப் புரியவைக்க ஒயின் ஆசிரியர்கள் படாத பாடு படுவார்கள். நமக்கு அந்தச் சிரமமே இல்லை. அறுசுவையில் ஒன்றாகவே அதை வைத்திருக்கிறோம்: துவர்ப்பு. வாழைப்பூவும் கொட்டைப்பாக்கும் நாக்கைப் பிடித்து இழுக்கும் அதே இழுப்பு. ஒரு வாய் எடுத்து, வாய் முழுக்கப் படரவிட்டு, விழுங்கியபின் கவனியுங்கள். எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு ஒட்டினால் அது துவர்ப்பு. சான்ஜொவேசேயில் இரண்டும் தாராளம். எது முந்துகிறது, எது நெடுநேரம் நிற்கிறது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். மூன்று கோப்பைக்கு மேல் வேண்டாம். துப்புவதற்கென்று வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்தக் கூச்சப்படவும் வேண்டாம். தொழில்முறையில் சுவைப்பவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

மாலையில் ஊருக்குக் கீழே சான் பியாஜோ தேவாலயத்துக்கு நடந்துவிட்டு வாருங்கள். 1518இல் மூத்த அந்தோனியோ த சாங்கல்லோ தொடங்கிய கட்டடம். புல்வெளி நடுவே தனித்து நிற்கும் அதன் டிராவர்டின் கல், சாயும் வெயிலில் தேன் நிறம் கொள்ளும்.

இரண்டாம் நாள்: வழியில் ஒரு பாலாடைக்கட்டி

காலையில் மேற்கே கிளம்புங்கள். சுமார் 14 கிலோமீட்டரில் பியென்ஸா. கோர்சிஞ்ஞானோ என்ற சிற்றூராக இருந்த இடம். இங்கே பிறந்தவர் போப் இரண்டாம் பயஸ் ஆனதும், கட்டடக் கலைஞர் பெர்னார்தோ ரொசெல்லினோவை வைத்து 1459 முதல் 1462 வரை சதுக்கம், தேவாலயம், அரண்மனை என்று ஊரின் நடுவே புதிதாக எழுப்பி, ஊருக்குத் தன் பெயரையே வைத்தார். தேவாலயத்தின் உயரமான ஜன்னல்களில் வெளிச்சம் கொட்டுவதைப் பாருங்கள். ஜெர்மானிய நாடுகளில் தான் கண்ட தேவாலயங்களை மனதில் வைத்து அவர் கேட்டு வாங்கிய வெளிச்சம் அது.

ஊர்த் தெருவில் மூக்கைத் துளைப்பது பெக்கொரீனோ, அதாவது செம்மறியாட்டுப்பால் சீஸ். இளசும் முற்றியதுமாகக் கொஞ்சம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டானின் எச்சிலிலுள்ள புரதத்தோடு சேர்வதால்தான் வாய் வறள்கிறது. சீஸின் புரதமும் கொழுப்பும் குறுக்கே வந்தால் அந்தப் பிடி தளரும். மதியம் ஒயினை முதலில் வெறுமனே சுவையுங்கள். பிறகு ஒரு துண்டு சீஸ் மென்றுவிட்டு மறுபடி சுவையுங்கள். ஒரே புட்டியில் இரண்டு ஒயின் இருப்பதுபோலத் தோன்றும். சைவம் கறாராகப் பார்ப்பவர்கள், பால் உறைய என்ன சேர்த்தார்கள் என்று கேட்டு வாங்குவது நல்லது; விலங்கிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்ப்பது வழக்கம்.

அடுத்த குன்று

மோன்டால்ச்சீனோ கோட்டை 1361இல் கட்டியது. 1555இல் சியெனா குடியரசு வீழ்ந்தபோது, அடங்க மறுத்தவர்கள் இங்கே வந்து 1559 வரை தாக்குப்பிடித்தார்கள். இந்த ஊர் ஒயினான புருனெல்லோவிலும் அந்தப் பிடிவாதம் உண்டு. அதற்குச் சான்ஜொவேசே மட்டும்தான். வேறு திராட்சை ஒரு துளி கலக்கக் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் பியோண்டி சாந்தி குடும்பம் வகுத்த வழி அது. அவர்களுடைய 1888ஆம் ஆண்டு ஒயினை ஒயின் பிரியர்கள் இன்றும் பேசுகிறார்கள். பொறுமையும் அதிகம் வேண்டும்: 2020இல் அறுத்த திராட்சையின் புருனெல்லோ 2025 ஜனவரியில்தான் கடைக்கு வர முடியும். அவ்வளவு செலவழிக்க மனமில்லையென்றால் அதன் தம்பியான ரோஸோ இருக்கிறது, ஓராண்டுக்குள்ளேயே வந்துவிடும்.

நேற்று கோபுரத்திலிருந்து பார்த்த அமியாட்டா மலை இப்போது தெற்கே நெருங்கி நிற்கிறது. மழையையும் ஆலங்கட்டியையும் பெருமளவு தடுத்துவிடுவதால் இந்தக் குன்றில் வெயில் அதிகம், ஈரம் குறைவு. பழம் நன்றாகப் பழுக்கிறது. ஒயினுக்கு உடம்பும் துவர்ப்பும் கூடுகின்றன. கோட்டைக்குள்ளேயே ஒயின் கடை இருக்கிறது. நேற்றைய வரியை எடுத்து வைத்துக்கொண்டு இங்கே சுவையுங்கள். பெரும்பாலும் நோபிலேயில் புளிப்பு முன்னால் வந்திருக்கும். புருனெல்லோவில் துவர்ப்பு நின்று பேசும். உங்கள் நாக்கு வேறு மாதிரி சொன்னால் நாக்கையே நம்புங்கள்.

ஒயின் தொடாதவர்களுக்கும் இந்த வழியில் குறையில்லை. பத்துக் கிலோமீட்டரில் 12ஆம் நூற்றாண்டின் சான்த் ஆன்டிமோ மடாலயம், ஆலிவ் தோப்பு நடுவே இருக்கிறது. திரும்பும் வழியில் பாஞ்ஞோ வின்யோனி. அந்தச் சிற்றூரின் சதுக்கமே ஒரு வெந்நீர்க் குளம். அதில் இறங்க அனுமதியில்லை. சற்றுக் கீழே ஓடும் வாய்க்காலில் கால் நனைக்கலாம்.

கையில் இருக்க வேண்டியவை

• இத்தாலியில் வாகனம் ஓட்டுபவரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் உச்சவரம்பு; உரிமம் பெற்று மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்குச் சுழியம். இரண்டாம் நாளுக்கு ஓட்டுநரோடு வண்டி எடுங்கள், அல்லது குடிக்காத ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

• பழைய ஊர்களின் வாசலில் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பலகையும் கேமராவும் இருக்கும். தெரியாமல் நுழைந்தாலும் அபராதம் வரும். வண்டியை வெளியே நிறுத்துங்கள்.

• ரயிலில் வருபவர்கள் கியூசி நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம்.

• ஊருக்குள் இருக்கும் நிலவறைகளில் நேராகப் போய் நிற்கலாம். வயலிலுள்ள பண்ணைகளுக்கு முன்பதிவு அவசியம். மதியத்தில் பல கடைகள் சாத்தியிருக்கும்.

• மே, ஜூன் இதம். செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. பார்க்க அழகு, ஆனால் பண்ணைக்காரர்களுக்குப் பேச நேரமிருக்காது.

இரண்டாம் நாள் இரவு மோன்டெபுல்ச்சானோ திரும்பியதும், கையால் திரித்த தடித்த பீச்சி நூடுல்ஸைப் பூண்டுத் தக்காளிச் சாற்றோடு வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே முதல் நாள் குடித்த அதே நோபிலே ஒரு கோப்பை. நேற்று அது வெறும் நல்ல ஒயினாக இருந்தது. இன்று அந்தப் புளிப்பு எந்தக் குன்றுடையது என்று நாக்குக்குத் தெரியும்.